நம் தெருச் சாலைக்கு நாமும் பங்கு தரலாமா?

ஒரு சாலைக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? ஆற்றுப்பாலம் பக்கம் போனால் இதற்கு இரண்டு விடைகள் கிடைக்கும். உக்கடத்திலிருந்து வந்து இறங்கும் மேம்பாலத்தை 2024 ஆகஸ்டில் மாநில அரசு திறந்தது. அது நம் வரிப்பணத்தில் கட்டியது. அதில் போகக் கட்டணம் இல்லை. நொய்யல் மீதுள்ள சாலைப் பாலத்தைத் தனியார் நிறுவனம் முதலீடு செய்து கட்டியது. அந்தப் பணத்தை 2018 வரை சுங்கச்சாவடியில் வாகனக்காரர்கள் கட்டினார்கள். குனியமுத்தூர் பக்கம் தினமும் போய்வந்தவர்களுக்கு அது மறந்திருக்காது.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. நம் மஹல்லாக்களில் பலருக்கு அது தெரிவதில்லை. அதுதான் தமிழக அரசின் ‘நமக்கு நாமே’ திட்டம். 1997-98இல் தொடங்கிய இத்திட்டம், 2011க்குப் பிறகு ‘தன்னிறைவுத் திட்டம்’ என்ற பெயரில் நடந்தது. 2021இல் பழைய பெயரிலேயே மீண்டும் வந்தது. வேலையின் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால், மீதியை அரசு போடும். நீர்நிலைகளைச் சீரமைக்க மட்டும் மக்கள் பங்கு பாதி. தனி ஆள், தெருக்காரர்கள், கடைக்காரர்கள், அறக்கட்டளை என யாரும் செலுத்தலாம்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 60 வீடுகள் உள்ள தெருவுக்கு கான்கிரீட் சாலை போட 9 லட்சம் ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மக்கள் பங்கு 3 லட்சம். வீட்டுக்கு 5,000 ரூபாய். மீதி 6 லட்சம் அரசுடையது.

எல்லாச் சாலைக்கும் இது பொருந்தாது. தேசிய நெடுஞ்சாலையும் மாநில நெடுஞ்சாலையும் அரசின் பெரிய பொறுப்புகள். அவற்றுக்கு நாம் வசூல் செய்ய வேண்டியதில்லை, மனு கொடுத்துக் கேட்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சிக்குச் சொந்தமான தெரு, சிறுபாலம், மழைநீர் வடிகால் போன்றவைதான் இதற்கு ஏற்றவை. தனியார் மனைக்குள் இருக்கும் பாதைக்கு இத்திட்டம் கிடைக்காது.

செய்ய வேண்டியவை இவை:

1. சாலை யார் பெயரில் உள்ளது என்று முதலில் உறுதி செய்யுங்கள்.

2. பாதாள சாக்கடை, குடிநீர்க் குழாய் வேலை பாக்கி உள்ளதா என்று கேளுங்கள். புதிய சாலையை ஆறு மாதத்தில் தோண்டினால் கொடுத்த காசு மண்ணோடு போகும்.

3. வார்டு கவுன்சிலரிடம் சொல்லி, மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். கிராமமானால் வட்டார வளர்ச்சி அலுவலகம் வழியாக மாவட்ட ஆட்சியருக்குப் போக வேண்டும்.

4. மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிய பிறகே வசூலைத் தொடங்குங்கள். யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகச் செலுத்தி ரசீது வாங்குங்கள்.

5. வரவு செலவைப் பள்ளிவாசல் பலகையிலும் தெருமுனையிலும் ஒட்டுங்கள். அந்தத் தெருவில் நடக்கும் எல்லாச் சமுதாயத்தாருக்கும் அந்தக் கணக்கைப் பார்க்க உரிமை உண்டு.

மக்கள் பங்கு 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், வேலையை நாமே எடுத்துச் செய்யவும் விதியில் இடமுண்டு. தரத்தைச் சோதிப்பது அதிகாரிகள்தான்.

ஜகாத் பணத்தை இதற்குத் தரலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஜகாத் பெறத் தகுதியானவர்கள் எட்டு வகையினர் என்று குர்ஆன் வரையறுத்துள்ளது. சாலை, பாலம் போன்ற பொதுப்பணிகள் அதில் சேராது என்பதே பெரும்பாலான ஃபிக்ஹ் அறிஞர்களின் கருத்து. ஏழைக்குரிய அந்தப் பணத்தைத் தொடாமல், ஸதகாவிலிருந்து கொடுப்பதே பேணுதலானது. சந்தேகம் இருந்தால் உங்கள் இமாமிடம் கேளுங்கள்.

பாதைக்காக நன்கொடை திரட்டுவது நமக்குப் புதிதல்ல. டமாஸ்கஸிலிருந்து மதீனா வரை சுமார் 1,300 கிலோமீட்டர் ஹிஜாஸ் ரயில் பாதை 1900இல் தொடங்கி 1908இல் மதீனாவை எட்டியது. அதற்கு இந்திய முஸ்லிம்களும் பணம் அனுப்பினார்கள். ஆனால் நன்கொடை மட்டும் போதவில்லை. உஸ்மானிய அரசு வரியும் போட்டது, அலுவலர் சம்பளத்திலும் பிடித்தது. நன்கொடை அரசின் கடமைக்குத் துணையாக நிற்கும், அதற்கு மாற்றாகாது.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கைத் திரட்ட முடிந்த தெருவுக்குச் சாலை முதலில் வரும். தினக்கூலிக் குடும்பங்கள் வாழும் சந்து பின்தங்கும். அவர்களும் சொத்து வரியோ, வாடகை வழியாக அதன் சுமையோ தாங்குகிறவர்கள்தான். ஆகவே வசூலில் கட்டாயம் கூடாது. விதவை வீட்டிலும் வாடகைக்கு இருப்பவர் வீட்டிலும் ‘உங்கள் பங்கு எங்கே?’ என்று நிற்கக் கூடாது. வசதி உள்ளவர்கள் அவர்கள் பங்கையும் சேர்த்து ஏற்கட்டும். தங்கள் தெரு முடிந்தவர்கள், பக்கத்துச் சந்துக்கான விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போடட்டும்.

அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் ஒரே ஒரு தெருவை மட்டும் எடுத்துப் பேசுங்கள். மழையில் தொழுகைக்கு வரும் முதியவர்களும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் அதிகம் சிரமப்படும் தெருவிலிருந்து, இன்ஷா அல்லாஹ், தொடங்கலாம்.