கொல்லிமலைக்கு சைக்கிள் சவாரி: ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது உயிர் பிரேக்கில்!

70 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்றில் திரும்பி நிமிர்ந்தால் அடுத்தது வந்து நிற்கும். பஸ்சில் உட்கார்ந்து போகிறவர்களுக்கே தலை சுற்றும். அந்த மலைப்பாதையில் சைக்கிள் மிதித்து ஏறுகிறார்கள், அம்மாடியோவ்!

நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலைதான் அது. நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக காரவள்ளி வரை சமவெளி. காரவள்ளி அடிவாரத்தில் ஏற்றம் ஆரம்பம். மேலே சோளக்காடு போய்ச் சேருவதற்குள் சுமார் 3 ஆயிரம் அடி ஏறியாக வேண்டும்.

வளைவுகளுக்கு நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். தெம்போடு எண்ண ஆரம்பிப்பவர்கள், போகப்போக எண்ணுவதையே விட்டுவிடுவார்கள்.

மிதிச்சா போயிடுமா?

"சைக்கிள்தானே, மிதிச்சா போயிடும்" என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். கியர் இல்லாத சாதாரண சைக்கிள் என்றால் பல இடங்களில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கியர் சைக்கிள்காரர்களுக்கும் தொடை கடுக்கும்.

வளைவின் உள்பக்கம்தான் செங்குத்து. அங்கேதான் கால் ஓய்ந்துபோகும். அதற்காக எதிர்ப்பக்கம் ஒதுங்கி ஏறக்கூடாது. பஸ் திரும்ப ரோடு முழுவதும் தேவைப்படும். ஹாரன் சத்தம் கேட்டால் ஓரமாக நின்றுவிடுவதே புத்திசாலித்தனம்.

வெயில் ஏறுவதற்குள் மலை ஏறிவிட வேண்டும். தண்ணீர் கையில் இருக்க வேண்டும். தின்பண்டத்தை குரங்குகளின் கண்ணில் காட்டக்கூடாது!

வள்ளல் ஆண்ட மலை

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏறினால் என்ன இருக்கிறது? இது கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்தவர் என்று புறநானூறு புகழ்கிறது. அவரைக் கொன்று, மலையை சேரனுக்குக் கொடுத்தவர் மலையமான் திருமுடிக்காரி. செம்மேட்டில் ஓரிக்கு சிலை இருக்கிறது. ஆடி மாதத்தில் அரசு விழாவும் நடக்கிறது.

இங்குள்ள ஊர்களுக்கு 'நாடு' என்று பெயர். வளப்பூர் நாட்டில்தான் பழமையான அறப்பளீசுவரர் கோவில் இருக்கிறது. பக்கத்திலேயே ஆகாய கங்கை அருவி. அதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். சைக்கிள் மிதித்த காலுக்கு இது இன்னொரு சோதனை!

மிளகு, காபி, பலா, அன்னாசி எல்லாம் இங்கே விளைகிறது. ரோடு வருவதற்கு முன்னால், மலையாளிப் பழங்குடி மக்கள் இந்தச் சரிவில் சுமையோடு நடந்தே இறங்கினார்கள், நடந்தே ஏறினார்கள். அதை நினைத்தால் நம்முடைய சைக்கிள் சவாரி பெரிய விஷயமே இல்லை.

இறக்கத்தில்தான் ஆபத்து

ஏறுவது கஷ்டம். ஆனால் ஆபத்து இறங்குவதில்தான் இருக்கிறது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 ஆயிரம் அடி ஏற கால் கொடுத்த சக்தி, இறங்கும்போது வெளியே வந்தாக வேண்டும். காற்றுத் தடையில் போவது கொஞ்சம். மீதி பிரேக்கில் சூடாக மாறும். மொத்த சூட்டையும் ஒரே பாத்திரத்தில் பிடித்தால் 2 லிட்டர் தண்ணீருக்கு மேல் கொதிக்க வைக்கலாம்!

பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் சூடேறும், டியூப் வெடிக்கும். மழையில் ரிம் நனைந்தால் பிரேக் உடனே பிடிக்காது.

என்ன செய்ய வேண்டும்? வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் போய் திடீரென்று அழுத்தாதீர்கள். முன் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். சில வளைவுகளுக்கு ஒருமுறை நின்று ரிம் ஆறட்டும். மேலே வரும் வண்டிக்கு வழிவிடுவது மலைப்பாதைச் சட்டம்.

பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் அடிவாரத்திலேயே புதுசு போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு ஆகும் செலவு சொற்பம். 70 வளைவுகளையும் தாண்டி உங்களைக் கீழே கொண்டுவந்து சேர்ப்பது அந்த ரப்பர் கட்டைதான்.