ஊதுகுழலில் ஒரு வழிநூல்: சிக் சொக்லட்டின் வாழ்வும் வாசிப்பும்

இலக்கியத் தொடரொன்றிலே மேலைநாட்டு வாத்தியம் வாசித்த ஒருவரைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று நேயர்கள் சிலர் நினைக்கக்கூடும். பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். அவருடைய வாழ்க்கை எழுப்பும் வினா, தமிழ் இலக்கணகாரர் நெடுங்காலத்துக்கு முன்பே எழுப்பி விடைகண்ட ஒரு வினாவாகும். முன்னோர் ஒருவர் செய்ததைப் பின்பற்றிச் செய்பவன் படைப்பாளி ஆவானா? அல்லது வெறும் போலிதானா?

நன்னூற் பாயிரத்தை விளக்கும்போது முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்ற பகுப்பு வரும். வழிநூல் என்ற இடத்தை அடைந்ததும் வகுப்பில் யாராவது ஒரு மாணவன் எழுந்து, "அப்ப வழிநூல் என்டா கொப்பி அடிச்சதுதானே சேர்?" என்று கேட்பது வழக்கம். அப்போதெல்லாம் கம்பனைச் சொல்லி விளக்குவேன். வான்மீகி முதல்நூல் செய்தார், கம்பன் வழிநூல் செய்தான். ஆயினும் கம்பனைப் போலி என்று எவரும் சொல்வதில்லை. பவணந்தியார் கூறும் இலக்கணத்தின்படி, வழிநூல் செய்பவன் முன்னோன் கண்ட முடிவை ஏற்றுக்கொள்கிறான். ஆனால் தான் வேண்டும் விகற்பங்களையும் அதில் சேர்க்கிறான். இந்த 'விகற்பம்' என்ற ஒரு சொல்லை மனத்திற் கொண்டால் ஜாஸ் இசையையும், அதை இந்தியாவில் வாசித்த சிக் சொக்லட் என்ற கலைஞரையும் விளங்கிக்கொள்ளலாம்.

அவருடைய இயற்பெயர் அன்டோனியோ சேவியர் வாஸ். 1916ஆம் ஆண்டு கோவாவின் அல்தோனா கிராமத்திலே பிறந்தவர். கோவா அப்போது போர்த்துக்கேயர் ஆட்சியில் இருந்தது. 1961 டிசம்பரில்தான் அது இந்தியாவுடன் இணைந்தது. போர்த்துக்கேயர் காலத்துக் கோவாவில் தேவாலயத்தோடு சேர்ந்த பங்குப் பள்ளிகள் இருந்தன. எழுத்தும் மன்றாட்டும் படிக்கும் சிறுவர் அங்கேயே மேலைநாட்டு இசைக்குறிப்பைப் பார்த்துப் பாடவும் வயலின் வாசிக்கவும் கற்றனர். பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் கப்பல்களுக்கும் சென்ற கோவா இளைஞர் பலருக்குக் கையில் இருந்த ஒரே முதல் இந்த இசைக்கல்விதான். படைகளின் வாத்தியக் குழுக்கள், சமஸ்தான மன்னர்களின் அரண்மனைகள், ஊமைப்படக் கொட்டகைகள், ஹோட்டல் நடன மண்டபங்கள் என எங்கும் அவர்களே வாசித்தனர். அன்டோனியோவும் அந்த வழியிலேயே பம்பாய் வந்து சேர்ந்தார்.

அவர் கையில் எடுத்த வாத்தியம் ட்ரம்பெட். இதை நாம் முற்றிலும் அந்நியமாகக் கருத வேண்டியதில்லை. நம் கோயில்களில் ஒலிக்கும் எக்காளத்துக்கும் கொம்புக்கும் இது உறவு முறையானது. நாதஸ்வரத்திலே சீவாளி அதிர்ந்து ஒலி பிறக்கிறது. எக்காளத்துக்கும் ட்ரம்பெட்டுக்கும் சீவாளி இல்லை. வாசிப்பவரின் உதடுகளே சீவாளியாகின்றன. உதடுகளை இறுக்கியும் தளர்த்தியும் அதிர விட்டாலன்றி அந்தப் பித்தளைக் குழாய் வாய் திறவாது. எக்காளத்தில் எழும்பும் ஸ்வரங்கள் சிலவே. ட்ரம்பெட்டிலோ விரலால் அழுத்தும் மூன்று குமிழ்கள் உண்டு. அவற்றை அழுத்தும்போது காற்றுச் செல்லும் பாதை நீளுகிறது, ஸ்வரம் இறங்குகிறது. உதட்டின் இறுக்கமும் விரலின் அழுத்தமும் சேர்ந்து எல்லா ஸ்வரங்களையும் தருகின்றன. உச்ச ஸ்வரங்களை இடைவிடாது வாசிப்பவருக்கு உதடு புண்ணாவதும் உண்டு. மற்றோர் வாத்தியத்துக்கு விரலைக் கொடுக்கிறார்கள் என்றால், ட்ரம்பெட் வாசிப்பவர் தமது முகத்தையே கொடுக்கிறார் எனலாம்.

இனி ஜாஸ் என்பது யாது? அமெரிக்காவின் தென்பகுதியில், சிறப்பாக நியூ ஓர்லியன்ஸ் நகரிலே, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய இசை அது. பருத்தித் தோட்டத்து வேலைப் பாட்டும், தேவாலயப் பாட்டும், படைக்குழுக்களின் பித்தளை வாத்தியங்களும் அதிலே கலந்தன. தோட்டத்து மண்ணில் வேர்கொண்ட இசை என்பதனாலேயே அது நமக்கு நெருக்கமானது. அதன் இலக்கணத்தைக் கர்நாடக இசை கேட்பவருக்கு விளக்குவது கடினமன்று. நிரவலிலும் கல்பனாஸ்வரத்திலும் வித்துவான் தாள ஆவர்த்தனத்துக்குள் நின்றுகொண்டே அப்போதைக்கப்போது புதிதாகக் கற்பனை செய்கிறார். பின்னர் எடுப்புக்குத் திரும்பி வருகிறார். ஜாஸ் கலைஞரும் அவ்வாறே. பன்னிரண்டு அல்லது முப்பத்திரண்டு அளவைகள் கொண்ட ஒரு பாட்டின் சுற்று திரும்பத் திரும்ப ஓடும். அந்தச் சுற்றின் மேல் ஒவ்வொருவராக நின்று தத்தம் விகற்பத்தை வாசிப்பர். பாட்டு யாருடையதாயினும் ஆகலாம். அந்த வேளையில் சேர்க்கப்படும் விகற்பமே வாசிப்பவரின் சொத்து.

இந்தக் கலையின் தலைமகன் லூயிஸ் ஆம்ஸ்ட்ரோங். 1901இல் நியூ ஓர்லியன்ஸின் மிக ஏழ்மையான பகுதியொன்றில் பிறந்தவர். 1912ஆம் ஆண்டின் கடைசி இரவிலே, புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் துப்பாக்கியை வானை நோக்கிச் சுட்டதற்காகப் பிடிபட்டுச் சிறுவர் இல்லமொன்றில் அடைக்கப்பட்டார். அங்கேதான் ட்ரம்பெட்டின் தம்பி போன்ற கொர்னட் வாத்தியத்தை முறையாகப் பழகினார். 1922இல் அவருடைய குரு ஜோ ஒலிவர் அவரைச் சிக்காகோவுக்கு அழைத்துக்கொண்டார். 1928இல் ஆம்ஸ்ட்ரோங் பதிவு செய்த 'வெஸ்ட் என்ட் புளூஸ்' ஜாஸ் வரலாற்றில் ஒரு மைல்கல்லாகக் கருதப்படுகிறது. அந்தப் பாட்டை இயற்றியவர் ஆம்ஸ்ட்ரோங் அல்லர், குரு ஒலிவரே. சீடர் செய்தது என்னவெனில், பக்கவாத்தியம் எதுவுமின்றித் தனியே ஊதிய சில விநாடி முன்னுரையொன்றைச் சேர்த்ததும், பாட்டின் உள்ளே தமது விகற்பங்களை நிரப்பியதுமாகும். உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த முன்னுரையைத்தான். ஆக, முதல்வர் என்று போற்றப்படும் ஆம்ஸ்ட்ரோங்கே ஒரு வகையில் வழிநூல் செய்தவர்தாம்.

ஆம்ஸ்ட்ரோங்கின் இசைத்தட்டுகள் கடல் கடந்து பம்பாய் வந்தன. தட்டுகள் மட்டுமன்றிக் கலைஞரும் வந்தனர். 1935இல் லியோன் அபி என்ற ஆபிரிக்க அமெரிக்கக் கலைஞர் தமது குழுவுடன் தாஜ்மஹால் ஹோட்டலில் வாசித்தார். பின்னர் வந்த பியானோ கலைஞர் டெடி வெதர்போர்ட், சிக்காகோவில் ஆம்ஸ்ட்ரோங்குடன் ஒரே குழுவில் இருந்தவர். அவர் இந்தியாவிலேயே தங்கி, 1945இல் கல்கத்தாவில் வாந்திபேதியால் மாண்டார். தமது நாட்டில் நிறத்தினால் ஒதுக்கப்பட்ட இக்கலைஞருக்கு இங்கே மேடையும் மதிப்பும் கிட்டின. கோவா இளைஞருக்கோ ஏட்டிலும் தட்டிலும் இல்லாத பாடம் அவர்களிடமிருந்து கிடைத்தது.

இந்தச் சூழலிலேதான் அன்டோனியோ வாஸ், சிக் சொக்லட் ஆனார். 1940களில் 'சிக் அன்ட் த மியூசிக் மேக்கர்ஸ்' என்ற அவருடைய குழு தாஜ்மஹால் ஹோட்டலில் புகழ் பெற்றது. ஆம்ஸ்ட்ரோங்கின் வாசிப்பை மட்டுமன்றி, கரகரத்த குரலையும், கையில் வெள்ளைக் கைக்குட்டையோடு மேடையில் நிற்கும் தோரணையையும் அவர் பின்பற்றினார். 'இந்தியாவின் லூயிஸ் ஆம்ஸ்ட்ரோங்' என்ற பட்டம் நிலைத்துவிட்டது. அது புகழாரமாகவும் இருந்தது. ஒருவகையில் சிறையாகவும் இருந்தது. ஹோட்டலுக்கு வந்தவர்கள் அவரிடம் எதிர்பார்த்தது ஆம்ஸ்ட்ரோங்கைத்தானே! அவர் வாழ்க்கை அதோடு முடிந்திருந்தால், நம் மாணவன் கேட்ட கேள்விக்கு 'ஆம், கொப்பிதான்' என்று விடை சொல்லிவிட்டு நாமும் போயிருக்கலாம்.

ஆனால் காலம் மாறியது. 1947க்குப் பின்னர் வெள்ளையர் பலர் வெளியேறினர். பம்பாயில் 1949ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் நடன மண்டபங்களின் வருவாயைக் குறைத்தது. வாத்தியக் கலைஞர் பலர் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களின் வாசலில் நின்றனர். அங்கே அவர்களுக்குத் தேவை இருந்தது. இசையமைப்பாளர் பலர் ராகமும் தாளமும் நன்கறிந்தவர். ஆனால் பெரிய வாத்தியக் குழுவுக்கு யார் எந்த இடத்தில் எதை வாசிப்பது என்று மேலைநாட்டுக் குறியீட்டில் எழுதிக் கொடுப்பது அவர்களுடைய பயிற்சியில் இல்லாத ஒன்று. அதைப் பங்குப் பள்ளியில் படித்த கோவாக்காரர்கள் செய்தனர். மெட்டு ஒருவருடையது, அந்த மெட்டுக்கு முன்னும் பின்னும் இடையிலும் வரும் வாத்திய இசையை அமைப்பது மற்றொருவர் வேலை.

சிக் சொக்லட் சேர்ந்தது சி. இராமச்சந்திராவிடம். இந்தப் பெயர் தமிழருக்குப் புதிதன்று. ஹிந்தித் திரையுலகில் புகழ்பெறுமுன் 'வனமோகினி' (1941) என்ற தமிழ்ப் படத்துக்கு இசையமைத்தவர் அவர். 1958இல் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்துக்கும் அவரே இசை. பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடும் போட்டி நடனத்தை மறந்தவர் யார்? அந்த இராமச்சந்திராவின் 'அல்பேலா' (1951) படத்துக்குச் சிக் சொக்லட்டின் கை துணைநின்றது; திரையிலும் அவர் தமது குழுவோடு தோன்றுகிறார். ஆம்ஸ்ட்ரோங்கிடம் கற்ற ட்ரம்பெட், லத்தீன் அமெரிக்க நடனத் தாளம், வட இந்திய மெட்டு ஆகிய மூன்றும் ஒரே பாட்டிலே இணைந்து நிற்பதை அங்கே கேட்கலாம். இது நியூ ஓர்லியன்ஸிலும் இல்லாதது, இந்தியாவிலும் அதற்கு முன் அரிதாக இருந்தது. இங்கேதான் அவர் தாம் வேண்டிய விகற்பத்தைச் சேர்த்தார். அதே 1951இல் 'நாதான்' என்ற படத்துக்குத் தாமே இசையமைத்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

இந்தப் பாடல்கள் பரவியதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரையிசையைக் கட்டுப்படுத்தினார். மேலைநாட்டு வாசனை வீசும் பாட்டு அவருக்கு உவப்பானதன்று. ஆனால் கொழும்பிலிருந்து இலங்கை வானொலி அந்தப் பாட்டுகளையே ஒலிபரப்பியது. அந்த ஆண்டு தொடங்கிய அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' துணைக்கண்டம் முழுவதையும் வானொலிப் பெட்டியின் முன் உட்கார வைத்தது. 1957இல் அகில இந்திய வானொலி 'விவித் பாரதி'யைத் தொடங்க வேண்டி வந்தது. ஹிந்தியில் ஒரு சொல்லும் தெரியாத நம் தோட்டத்து லயங்களிலும் அந்த மெட்டுகள் முணுமுணுக்கப்பட்டன.

ஆனால் முணுமுணுத்தவர்களுக்குச் சிக் சொக்லட்டின் பெயர் தெரியாது. இசைத்தட்டில் பெரும்பாலும் இசையமைப்பாளர் பெயரும் பாடியவர் பெயருமே அச்சாயின. வாத்திய இசையை அமைத்தவர், ட்ரம்பெட் ஊதியவர் பெயர்களுக்கு அங்கே இடமில்லை. பாடியவர் நிலையும் முன்னர் இவ்வாறே இருந்தது. 'மஹல்' (1949) படத்தின் புகழ்பெற்ற பாட்டுக்கு இசைத்தட்டில் அச்சிடப்பட்ட பெயர் 'காமினி'. அது கதாநாயகியின் பாத்திரப் பெயர். பாடியவர் யார் என்று நேயர்கள் வானொலிக்கு எழுதிக் கேட்ட பின்னரே லதா மங்கேஷ்கர் என்ற பெயர் வெளிவந்தது. ட்ரம்பெட் ஊதியவர் யார் என்று கேட்டு அவ்வாறு கடிதங்கள் குவியவில்லை.

1966இல் வெளியான 'ஆக்ரி கத்' படத்தில் விடுதி மேடையொன்றில் ட்ரம்பெட்டோடு சிக் சொக்லட் நிற்கிறார். மறு ஆண்டு மே மாதத்தில், ஐம்பதையொட்டிய வயதிலே அவர் காலமானார். பம்பாயின் ஜாஸ் காலத்தை ஆராய்ந்து நரேஷ் பெர்னாண்டஸ் 2012இல் 'தாஜ்மஹால் பொக்ஸ்ட்ரொட்' என்ற நூலை வெளியிட்ட பின்னரே, சிக் சொக்லட்டும் அவருடைய தோழர்களும் புதிய தலைமுறைக்குத் தெரிய வந்தனர். இடையில் கடந்தவை நாற்பத்தைந்து ஆண்டுகள்.

இதை நாம் வேற்றூர்க் கதையாகக் கேட்டுவிட்டுப் போகலாகாது. தெரணியகலைப் பக்கத்துத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலே விடியற்காலைப் பிரட்டுக்கு ஆள் கூட்டியது தப்பொலி. காமன் கூத்திலும் தீமிதியிலும் இழவு வீட்டிலும் அதே தப்புத்தான். அடிக்கு அடி வேறுபாடு காட்டும் அந்தக் கலைஞரும் தம் தகப்பனிடமும் மாமனிடமும் கேட்டதற்கு விகற்பம் சேர்ப்பவர்களே. நம் திருவிழா நோட்டீசிலோ நாதஸ்வர வித்துவான் பெயர் ஊர் சகிதம் வருகிறது. கீழே 'தப்பு மேளம்' என்று மட்டும் ஒரு வரி நிற்கிறது. அடித்தவருக்குப் பெயர் இல்லையா? அவருக்குக் கற்பித்த வாத்தியாருக்குப் பெயர் இல்லையா?

வழிநூலுக்குப் பாயிரம் கூறும்போது ஆக்கியோன் பெயரையும் வழியையும் சொல்ல வேண்டும் என்பது நம் இலக்கண மரபு. செய்தவன் யார், யாரிடமிருந்து பெற்றான் என்ற இரண்டும் தெரிந்தால்தான், அவன் சேர்த்தது எது என்பது விளங்கும். ஆகவே எழுத்தில் ஆர்வமுள்ள இளைஞருக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டுத் திருவிழாவில் உங்கள் தோட்டத்துத் தப்புக் கலைஞரிடம் ஒரு கொப்பியோடு போய் உட்காருங்கள். பெயரைக் கேளுங்கள், குருவின் பெயரைக் கேளுங்கள், குரு அடிக்காத எந்த அடியை அவர் அடிக்கிறார் என்று கேளுங்கள். அடுத்த நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன் அந்தப் பெயரை அதிலே சேர்த்துவிடுங்கள்.