வசந்தக் கடலும் வாடகைப் படகும்



மீன்பிடித்தல் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன வலையும், தோணியும், விடியற்காலையில் கரையில் நடக்கும் ஏலமும் ஆகும். அது வயிற்றுக்காகச் செய்யப்படும் தொழில். ஆனால் உலகின் சில கடற்கரைகளில், மீன் பிடிக்கும் இன்பத்துக்காகவே பணம் கொடுத்துப் படகேறும் மக்களும் உளர். அவர்களை அழைத்துச் செல்வதற்கென்றே படகுகள் உள்ளன. அப்படகுகளை நடத்திப் பிழைக்கும் மாலுமிகளும் உள்ளனர். அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்குக் கரையில், செசபீக் விரிகுடாவில், இத்தகைய வாடகைப் படகுகளின் வசந்தகாலத் தொழிலைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். விளையாட்டில் தொடங்கும் இப்பேச்சு, கணக்கின் வழியாகச் சென்று, அறத்தில் முடியும்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட முதல் விதி. ஆகவே நம் கரையில் கொடுவா என்று வழங்கும் மீனிலிருந்து தொடங்குவோம். கொடுவா ஆற்றிலும் கழிமுகத்திலும் வளர்ந்து, இனப்பெருக்கத்துக்காகக் கடலை நோக்கிச் செல்வது. இதற்கு நேர்மாறான வாழ்க்கையை உடையது செசபீக் மீன். அது கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக நன்னீர் ஆற்றை நாடி வருவது. அதன் ஆங்கிலப் பெயர் ஸ்ட்ரைப்டு பாஸ். வெள்ளி நிறமான அதன் இரு பக்கங்களிலும் ஏழு அல்லது எட்டுக் கருங்கோடுகள் தலையிலிருந்து வால் வரை ஓடுகின்றன. ஆதலால் இப்பேச்சில் அதனை 'வரிமீன்' என்றே அழைப்போம். செசபீக் மக்கள் அதனை ராக்ஃபிஷ் என்பர். 1965-ஆம் ஆண்டில் மேரிலாந்து மாநிலம் அதனைத் தன் மாநில மீனாக அறிவித்தது.

செசபீக் விரிகுடா வடக்கு தெற்காக ஏறத்தாழ 200 மைல் நீளமுள்ளது. சஸ்குவஹானா, பொட்டோமாக், சாப்டாங்க், நாண்டிகோக் முதலிய ஆறுகள் அதில் வந்து கலக்கின்றன. ஏப்ரல் மாதத்தில் ஆற்றுநீர் வெதுவெதுப்பு அடையத் தொடங்கியதும், அட்லாண்டிக் கடலில் திரிந்த பெரிய பெண் மீன்கள் விரிகுடாவுக்குள் புகுந்து, ஆறுகளில் ஏறி முட்டையிடுகின்றன. முட்டைகள் அடியில் படிந்தால் கெட்டுவிடும். நீரோட்டம் அவற்றைத் தாங்கிக்கொண்டே செல்ல வேண்டும். இரண்டு மூன்று நாட்களில் குஞ்சு பொரிக்கும். முட்டையிட்ட தாய்மீன்கள் மீண்டும் கடலுக்குச் சென்று, கரையோரமாகவே வடக்கு நோக்கிப் பயணம் செய்கின்றன. மே மாதத்தில் அவை நியூ ஜெர்சி, நியூ யார்க் கரைகளைக் கடந்து காட் முனையை அடையும். ஜூன் மாதத்தில் மெயின் மாநிலம் வரை செல்லும். எனவே ஒரே மீன்கூட்டம், ஒவ்வொரு துறைமுகத்துக்கும் முறை வைத்தாற்போல வசந்தகாலத்தைக் கொண்டுசெல்கிறது எனலாம்.

இனிப் படகைப் பார்ப்போம். பயணிகள் படகுகள் இரு வகைப்படும். ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிப் பலரை ஏற்றிச் செல்வது ஒரு வகை. ஒரு குழுவினர் படகு முழுவதையும் ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுப்பது மற்றொரு வகை. இதுவே நாம் பேசுவது. தலைவர் கடலோரக் காவற்படையின் உரிமம் பெற்றவராக இருத்தல் வேண்டும். முறையான ஆய்வுச் சான்று பெறாத சிறு படகில் கட்டணப் பயணிகள் ஆறு பேருக்கு மேல் ஏறலாகாது என்பது சட்டம். தலைவருக்குத் துணையாக ஓர் உதவியாள் இருப்பார். தூண்டில் கட்டுவதும், இரை கோப்பதும், பிடிபட்ட மீனை வலைக்கரண்டியால் ஏந்துவதும், கரை சேர்ந்தபின் மீனை அறுத்துக் கொடுப்பதும் அவர் பணி. பயணிகள் மகிழ்ந்து கொடுக்கும் அன்பளிப்பே அவர் வருவாயில் பெரும்பகுதி.

வசந்தகாலத்தில் மீன் தேடும் முறையை இழுதூண்டில் எனலாம். படகு மெதுவாக, மனிதன் நடக்கும் வேகத்தில் செல்லும். அதன் பின்னே பல தூண்டில் கயிறுகள், சிறு மீன்களைப் போலச் செய்யப்பட்ட போலி இரைகளைச் சுமந்து வரும். கயிறுகள் ஒன்றோடொன்று சிக்காதிருக்க, படகின் இரு புறமும் மிதவைப் பலகைகளை நீரில் விட்டு, அவற்றில் கயிறுகளை இணைத்து அகல விரிப்பார்கள். மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதை எதிரொலிக் கருவி காட்டும். ஆனால் கருவி மட்டும் போதாது. கடற்பறவைகள் எங்கே கூட்டமாக நீரில் பாய்கின்றன, நீரோட்டம் எங்கே திரும்புகிறது, மேட்டிலிருந்து பள்ளம் எங்கே தொடங்குகிறது என்பவற்றைக் கண்ணாலும் நினைவாலும் அறிபவரே சிறந்த தலைவர். புத்தகத்தில் இல்லாத இப்படிப்பும் ஒரு படிப்பே.

வசந்தத்தில் வரும் பெருமீன்களுக்காக மேரிலாந்து மாநிலம் ஒரு தனிப் பருவத்தை ஏற்படுத்தியிருந்தது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரே மீன். அது 35 அங்குலத்துக்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்பது அதன் பிற்கால விதி. குளிர்காலம் முழுவதும் வருவாயின்றிப் படகைப் பழுதுபார்த்துச் செலவு செய்திருந்த தலைவர்களுக்கு, அந்தச் சில வாரங்களே ஆண்டின் முதல் அறுவடையாக இருந்தன. ஆனால் 2024-ஆம் ஆண்டில் அரசு அப்பருவத்தை நிறுத்திவிட்டது. ஏன்?

விடை காண்பதற்கு வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர், தொடக்கத்திலேயே இம்மீனின் அருமையை உணர்ந்தனர். வயலுக்கு உரமாக இதனைப் போடலாகாது என்று மாசசூசெட்ஸ் குடியேற்றத்தார் 1639-இல் சட்டம் செய்தனர். 1670-இல் பிளிமத் குடியேற்றத்தார், காட் முனையில் வலைவீசிப் பிடிக்கும் அயிலை, வரிமீன், ஹெர்ரிங் ஆகியவற்றால் வரும் வருவாயை ஓர் இலவசப் பள்ளிக்கு ஒதுக்கினர். மீனின் வருவாயிலிருந்து பள்ளி நடந்தது என்னும் இச்செய்தியைப் படித்தபோது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியனாகிய எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டுவதில்லை.

அவ்வளவு செல்வமும் மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் கரையத் தொடங்கியது. 1973-இல் வணிகத்துக்காகப் பிடிக்கப்பட்ட வரிமீன் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி பவுண்டு. பத்தே ஆண்டுகளில் அது நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிற்று. அளவுக்கு மீறிப் பிடித்ததே முதன்மையான காரணம். 1984-இல் அமெரிக்கப் பேரவை இம்மீனைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. பொது விதியைக் கடைப்பிடிக்காத மாநிலத்தில் மீன்பிடிப்பையே நிறுத்தும் அதிகாரம் அதனால் மத்திய அரசுக்குக் கிடைத்தது. மேரிலாந்து 1985 முதல் 1990 வரை வரிமீன் பிடிப்பதை அறவே தடைசெய்தது. ஐந்தாண்டுத் தடை என்பது எளிதன்று. ஆயினும் பலன் கிட்டியது. 1995-இல் அந்த இனம் மீண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

தடையை எப்போது நீக்கலாம் என்பதை எவ்வாறு அறிந்தார்கள்? இங்கேதான் கணக்கு வருகிறது. மேரிலாந்து அறிஞர்கள் 1954 முதல் ஒவ்வோராண்டும் ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில், குறிப்பிட்ட இடங்களில், குறிப்பிட்ட நீளமுள்ள கரைவலையை இழுத்து, அதில் அகப்படும் அவ்வாண்டுக் குஞ்சுகளை எண்ணுகிறார்கள். ஒரு வலைக்குச் சராசரியாக எத்தனை குஞ்சு என்பதே குறியீட்டெண். இதனைப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டுக்கு ஒப்பிடலாம். இவ்வாண்டு முதல் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் சேர்ந்தனர் என்று தெரிந்தால், பத்தாண்டு கழித்துப் பத்தாம் வகுப்பு நிரம்புமா, வெறிச்சோடுமா என்று தலைமையாசிரியர் இன்றே சொல்லக்கூடும் அல்லவா?

அந்தப் பதிவேட்டில் நீண்டகாலச் சராசரி சுமார் 11. தடைக்காலத்தில், 1989-இல், எண் 25-ஐத் தாண்டியது. மறு ஆண்டே கட்டுப்பாடுகளுடன் மீன்பிடிப்பு திறக்கப்பட்டது. 1996-இல் எண் 59 வரை உயர்ந்தது. ஆனால் 2019 முதல் 2022 வரை நான்கு ஆண்டுகளும் எண் 4-ஐக்கூட எட்டவில்லை. 2023-இல் ஏறத்தாழ 1, 2024-இல் 2, 2025-இல் 4. குளிர்காலம் கடுமையாகவும், வசந்தம் மழையுடனும் இருந்தால், குஞ்சுகள் உண்ணும் நுண்ணுயிர்கள் உரிய காலத்தில் பெருகுகின்றன. குளிர்காலம் வெப்பமாகவும், ஆற்றில் நீர் குறைவாகவும் இருந்தால், குஞ்சு பொரிக்கும் காலமும் உணவு பெருகும் காலமும் பொருந்துவதில்லை. பல ஆண்டுகள் முதல் வகுப்பு காலியாக இருந்தால், மேல்வகுப்பில் எஞ்சியிருப்போரைக் காப்பதன்றி வேறு வழி யாது?

பெருமீனைக் காப்பது ஏன் என்பதற்கும் கணக்கு உண்டு. ஐந்தரைக் கிலோ எடையுள்ள பெண்மீன் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட முட்டைகளை இடும். இருபத்தைந்து கிலோ மீனோ நாற்பது இலட்சத்துக்கு மேல் இடும். பெண்மீன்கள் முட்டையிடும் பருவத்தை அடையச் சில ஆண்டுகள் ஆகும். நன்கு காக்கப்பட்டால் முப்பது ஆண்டுகள் வரை வாழவும் கூடும். ஆகவே சிறிய மீனைப் பிடித்தால் தாயாகும் முன்னரே அழிப்போம். பெரிய மீனைப் பிடித்தால் பல பருவங்களின் விதையையே அழிப்போம். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி காணப்பட்டது. 2023-இல் அட்லாண்டிக் கடற்கரை மாநிலங்களின் மீன்வள ஆணையம், கடலில் 28 அங்குலம் முதல் 31 அங்குலம் வரை நீளமுள்ள மீனையே வைத்துக்கொள்ளலாம் என்று அவசர ஆணை பிறப்பித்தது. அதனினும் பெரியதைத் திரும்ப விட்டுவிட வேண்டும்.

விட்டுவிட்டால் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். அறிவுள்ள கேள்வி. விடப்பட்ட மீன்களுள் நூற்றுக்கு ஒன்பது இறப்பதாகக் கொண்டு அறிஞர் கணக்கிடுகின்றனர். ஒரு படகினர் ஒரு நாளில் ஐம்பது மீன்களைப் பிடித்து விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கோ ஐந்தோ மீன்கள் அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் மடியும். இத்தகைய படகுகளும், கரையில் நின்று தூண்டில் வீசுவோரும் கடற்கரை முழுவதும் எத்தனை பேர் என்று பெருக்கிப் பார்த்தால், விளையாட்டின் சிறு இழப்பு எவ்வளவு பெரிதாகும் என்பது விளங்கும். நீர் வெப்பமடையும் கோடையில் இழப்பு இன்னும் மிகும்.

ஆதலால் தூண்டில் முள்ளின் வடிவமே மாற்றப்பட்டது. இயற்கை இரையைப் பயன்படுத்துவோர் வட்டமுள்ளையே கட்ட வேண்டும் என்பது 2021 முதல் கடற்கரை மாநிலங்களின் பொது விதி. இதன் கூர்முனை உட்புறமாக வளைந்திருக்கும். மீன் இரையை விழுங்கித் திரும்பும்போது, முள் குடலில் தைக்காமல் வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடிப்பதும், நீரிலிருந்து அதிக நேரம் தூக்கிவைக்காதிருப்பதும் நல்ல படகுகளில் பயணிகளுக்கு முதலில் சொல்லித்தரப்படும் பாடங்கள்.

இவ்வளவும் நியாயமாயினும், படகுத் தலைவர்களின் மனக்குறையைத் தள்ளிவிட என்னால் இயலவில்லை. என் பள்ளியில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் பயின்றனர். முதல் நாள் வலை வெறுமையாக வந்தது என்பதை, மறுநாள் காலை அவர்கள் முகத்தைப் பார்த்தே நான் அறிந்துகொள்வேன். குஞ்சு பொரியாமைக்குக் காரணம் குளிர்காலத்தின் வெம்மை. அதற்குத் தண்டனை எங்களுக்கா என்று ஒரு படகுக்காரர் கேட்டால், அக்கேள்வியில் பொருள் உண்டு. ஆனால் குளிர்காலத்தை எந்தச் சட்டமும் திருத்த முடியாது. தூண்டிலைத்தான் திருத்த முடியும். குற்றம் செய்தவர் எவராயினும், நோயுற்றவரைக் காக்கும் பொறுப்பு அருகில் இருப்பவரையே சாரும். அதன் சுமையை அவர் ஒருவரே தாங்கும்படி விட்டுவிடாதிருப்பது சமுதாயத்தின் கடமை. சில தலைவர்கள் வேறு வழியும் கண்டுள்ளனர். 1970-களில் வர்ஜீனியா ஆறுகளில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விடப்பட்ட நீலக் கெளிறு இன்று பெருகிப் பிற உயிர்களைத் தின்று அழிக்கிறது. அதனைப் பிடிக்கப் பயணிகளை அழைத்துச் செல்வது, பிழைப்புக்கும் உதவும், விரிகுடாவுக்கும் உதவும்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. செசபீக்கில் வரிமீன் முட்டையிடும் அதே காலத்தில்தான், தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாமல் நிற்கின்றன. முன்பு 45 நாட்களாக இருந்த தடை 2017-இல் நீட்டிக்கப்பட்டது. அந்நாட்களில் மீனவர் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை வழங்குகிறது. அங்கே விளையாட்டுக்காரர் தம் இன்பத்தைச் சுருக்கிக்கொள்கிறார். இங்கே தொழிலாளி தன் கூலியையே நிறுத்திவைக்கிறார். இரண்டனுள் எது பெரிய தியாகம் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மாணவர்களே, அளவறிந்து கொள்வது கோழைத்தனமன்று, அறிவின் முதிர்ச்சி. 1989-இல் அந்த ஆறுகளில் பொரித்த குஞ்சுகள், ஐந்தாண்டு பொறுத்திருந்த மக்களின் பரிசு. இன்று எண்ணிக்கை குறைந்திருக்கும்போது பொறுப்பவர்கள் யாருக்காகப் பொறுக்கிறார்கள்? இன்னும் தூண்டில் பிடிக்கத் தெரியாத, உங்களைவிட இளைய பிள்ளைகளுக்காக. கடற்கரைக்குச் செல்லும்போது அங்கே நிற்கும் படகுகளை எண்ணுங்கள். அவை ஏன் நிற்கின்றன என்று அங்குள்ள பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் விடை எந்தப் பாடப்புத்தகத்தைவிடவும் தெளிவாக இருக்கும்.