வாங்கும் ஒலியும் வடிக்கும் ஒலியும்

பெங்களூரு மல்லேசுவரத்தில் உள்ள எங்கள் கிளைக்கு ஓர் இளம் இசையமைப்பாளர் கடன் கேட்டு வந்தார். குறும்படங்களுக்குப் பின்னணி இசை அமைப்பவர். அவர் தந்த விலைப்பட்டியலில் கருவிகள் குறைவு. சிந்தசைசரில் ஏற்றிக்கொள்ளும் ஆயத்த ஒலித் தொகுப்புகளே மிகுதி. இவற்றைத் தாமே உருவாக்க இயலாதா என வினவினோம். "இயலும். ஆனால் ஓர் ஒலிக்கு ஒரு வாரம் ஆகும். இயக்குநர் நாளையே கேட்கிறாரே!" என்றார்.

நியாயம்தான். 1983இல் வெளிவந்த யமஹா டிஎக்ஸ்7 கருவியில் புதிய ஒலி அமைப்பது கடினமாக இருந்ததால், பலரும் அதிலிருந்த ஆயத்த ஒலிகளையே கையாண்டனர். விளைவு, அதன் எலக்ட்ரிக் பியானோ ஒலி அக்காலப் பாடல்கள் பலவற்றிலும் ஒன்றுபோலவே கேட்கிறது. நம் நகரின் ஜி. ராஜ் நாராயண் அவ்வழி செல்லவில்லை. புல்லாங்குழல் கலைஞரும் பொறியாளருமான அவர், தம்புராவின் நாதத்தை மின்சுற்றில் தாமே வடிக்க முனைந்தார்; ராடெல் நிறுவனத்தின் எலக்ட்ரானிக் தம்புரா அவ்வாறு பிறந்ததே.

வணிகவியல் பயின்ற எங்களை உறுத்தியது வேறொன்று. தொகுப்பை வாங்குபவருக்குக் கிடைப்பது பயன்பாட்டு உரிமம் மட்டுமே; பெரும்பாலும் அதை மறுவிற்பனை செய்ய இயலாது. எனவே அது கடனுக்கு ஈடாகாது. கீபோர்டு ஈடாகும். தாமே வடித்த ஒலியையோ பிறருக்கு விற்கவும் செய்யலாம்.

வயலின் குழுவின் ஒலியை எவரும் வீட்டில் உருவாக்க இயலாது; அதை வாங்குங்கள், படத்தின் அடையாளமான ஒலியை மட்டும் நீங்களே அமையுங்கள் என்றோம். மறுவாரம் திருத்திய பட்டியலுடன் வந்தார்: தொகுப்புகள் இரண்டு, நல்ல மைக் ஒன்று, கீபோர்டு ஒன்று. கடன் வழங்கப்பட்டது.