புவேர்ட்டோ ரிக்கோ: குடியுரிமை உண்டு, ஓட்டு இல்லை

சான் ஹுவான் நகரில் குடியிருப்பவர் கையில் இருப்பது அமெரிக்க பாஸ்போர்ட். அமெரிக்க ராணுவத்தில் அவர் சேரலாம், சண்டையில் உயிரையும் விடலாம். அதிபர் தேர்தலில் மட்டும் அவருக்கு ஓட்டு கிடையாது. அவரே விமானம் ஏறி ஃபுளோரிடாவில் வீடு பிடித்துக் குடியேறிவிட்டால் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். விசாவும் வேண்டாம், வேறு அனுமதியும் வேண்டாம். இதே கதை தலைகீழாகவும் நடக்கும்: நியூயார்க்கில் பிறந்து வளர்ந்தவர் இந்தத் தீவுக்கு வந்து நிரந்தரமாகத் தங்கினால் அதிபர் தேர்தல் ஓட்டை இழக்கிறார். இங்கே உரிமை முகவரியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1898 போரில் தோற்ற ஸ்பெயின், கரீபியக் கடலில் உள்ள இந்தத் தீவை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. குடியுரிமை 1917-இல் வந்தது, அதுவும் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் வழியாக. அதற்கு முன்பே, 1901-இல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசித்திரமான ஒரு தீர்ப்பைச் சொல்லியிருந்தது: தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனால் அமெரிக்காவின் பகுதி அல்ல. வேற்று இனத்தவரை எப்படி ஆள்வது என்ற கவலை அந்தத் தீர்ப்பில் ஒளிவுமறைவின்றி இருக்கிறது. 1952-இல் தீவு தனக்கென ஓர் அரசியல் சாசனத்தையும், உள்ளூர்த் தன்னாட்சியையும் பெற்றது. ஆனாலும் கடன் 7,000 கோடி டாலரைத் தாண்டியபோது, 2016-இல், ஏழு பேர் கொண்ட நிதி மேற்பார்வை வாரியத்தை வாஷிங்டன் நியமித்தது. பட்ஜெட்டில் கடைசி வார்த்தை அந்த வாரியத்துடையது. தீவு மக்கள் அதை ‘லா ஹுண்டா’ என்கிறார்கள், பிரியத்தோடு அல்ல.

இதெல்லாம் ஒரு தனிமனிதரின் சட்டைப்பையில் எப்படிக் கை வைக்கும் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். உடல்நலம் கெட்டு வேலை செய்ய முடியாத ஒருவர் நியூயார்க்கில் இருந்தபோது, ஏழை முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மத்திய அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகையைப் பெற்றுவந்தார். 2013-இல் புவேர்ட்டோ ரிக்கோவுக்குக் குடிமாறினார். அந்தத் திட்டம் இந்தத் தீவுக்குப் பொருந்தாது. விஷயம் தெரிந்ததும் அரசு பணத்தை நிறுத்தியது. அதோடு விடவில்லை, அதுவரை கொடுத்த 28,000 டாலருக்கு மேற்பட்ட தொகையைத் திருப்பிக் கேட்டு வழக்கும் போட்டது. கீழ் நீதிமன்றங்கள் அவர் பக்கம் நின்றன. 2022-இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அரசின் பக்கம் சாய்ந்தது: தீவில் வசிப்பவர்கள் பெரும்பாலான மத்திய வரிகளைக் கட்டுவதில்லை, ஆகவே வேறுபாடு காட்டலாம். வருமான வரி வரம்புக்குக் கீழே கிடக்கும் ஏழைக்கு இந்த வாதம் எப்படிப் பொருந்தும் என்பது எனக்குப் புரியவில்லை. பசிபிக்கில் உள்ள வட மரியானா தீவுகளும் அமெரிக்காவின் ஆட்சிப்பகுதிதான்; அங்கே அதே உதவித்தொகை கிடைக்கிறது.

உணவு உதவியிலும் இதே ஓரவஞ்சனை. மாநிலங்களில் தேவைப்படுவோர் கூடினால் நிதியும் தானாகக் கூடும். தீவுக்கு 1982 முதல் ஆண்டுக்கு இவ்வளவு என்று அளந்து ஊற்றுகிறார்கள். 2017 செப்டம்பரில் மரியா புயல் அடித்து ஊரே இருளில் மூழ்கியபோது, கூடுதல் உணவு உதவிக்கு நாடாளுமன்றம் தனியாக நிதி ஒதுக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதலில் 64 என்று சொல்லப்பட்ட சாவு எண்ணிக்கையைப் பின்னர் அரசே 2,975 என்று மாற்றிக்கொண்டது.

சரி, மக்கள் என்ன கேட்கிறார்கள்? தீவின் அந்தஸ்து என்னவாக இருக்க வேண்டும் என்று 1967 தொடங்கி 2024 வரை ஏழு வாக்கெடுப்புகள் நடந்துவிட்டன. 1998-இல் ஜெயித்தது ‘மேற்கண்ட எதுவும் வேண்டாம்’ என்ற கட்டம். 2017-இல் மாநில அந்தஸ்துக்கு 97 சதவீத ஆதரவு. ஆனால் எதிர்க்கட்சிகள் புறக்கணித்ததால் ஓட்டுப் போட்டவர்கள் 23 சதவீதம்தான். 2020-இல் ‘ஆம், இல்லை’ என்று நேராகக் கேட்டபோது ‘ஆம்’ 52 சதவீதத்தைத் தாண்டியது. எனவே ஒரு சதவீதத்தை மட்டும் நீட்டி ‘மக்கள் தீர்ப்பு’ என்று யாராவது சொன்னால், எத்தனை பேர் போட்டார்கள், சீட்டில் எந்தெந்தத் தேர்வுகள் இருந்தன என்று கேட்டுவிட்டே நம்ப வேண்டும். 2024 சீட்டில் ‘இப்போதுள்ள நிலையே தொடரட்டும்’ என்ற தேர்வே இல்லை.

மாநிலமானால் இரண்டு செனட்டர்கள், பிரதிநிதிகள் சபையில் நான்கு பேர் வரை, அதிபருக்கு ஓட்டு, உதவித்திட்டங்களில் சம பங்கு. பதிலுக்கு, உள்ளூர் வருமானத்துக்கு இன்று கட்டாத மத்திய வருமான வரியைக் கட்ட வேண்டும். தீவின் பெயரில் தனி ஒலிம்பிக் அணி இருக்காது. 2016-இல் டென்னிஸில் மோனிகா புயிக் வென்ற தங்கம், தீவுக்குக் கிடைத்த முதல் தங்கம் என்பதை நினைத்தால் அது சின்ன இழப்பல்ல. ஸ்பானிஷ் மொழியின் இடம் என்னாகும் என்ற பயம் வேறு. மாநிலமானால் சரக்குக் கப்பல் செலவு குறையும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே அமெரிக்கக் கப்பலில்தான் சரக்குப் போக வேண்டும் என்ற 1920 சட்டம், 1959-இல் மாநிலமான ஹவாயையும் இன்றுவரை விடவில்லை.

நீதிமன்றக் கதவு அநேகமாகச் சாத்தியாகிவிட்டது. வாக்கெடுப்பு முடிவு வாஷிங்டனைக் கட்டுப்படுத்தாது. புதிய மாநிலத்தைச் சேர்க்கும் அதிகாரம் அரசியல் சாசனப்படி நாடாளுமன்றத்துக்கு மட்டுமே. இரு அவைகளிலும் மசோதா நிறைவேறி அதிபர் கையெழுத்திட்டால் போதும், அரசியல் சாசனத்தைத் திருத்தத் தேவையில்லை. அந்த நாடாளுமன்றத்தில் தீவுக்கு இருப்பது ஒரே ஒரு பிரதிநிதி. பேசலாம், குழுக்களில் உட்காரலாம், மசோதா மீது அவையின் இறுதி வாக்கெடுப்பில் ஓட்டுப் போட முடியாது. அந்தஸ்து மாறாமலே கிடைக்கும் நிவாரணமும் உண்டு: குழந்தைகளுக்கான வரிச்சலுகை முன்பு மூன்று பிள்ளைகளாவது உள்ள வீடுகளுக்கே கிடைத்தது, 2021-இல் சட்டம் திருத்தி ஒரு பிள்ளை உள்ளவர்களுக்கும் கொடுத்தார்கள். நாடாளுமன்றம் நினைத்தால் முதியோர், மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகையையும் அப்படியே நீட்டலாம்.

பெரிய முயற்சி 2022 டிசம்பரில் நடந்தது. மாநிலம், முழு விடுதலை, உடன்பாட்டுடன் கூடிய இறையாண்மை என்ற மூன்றில் மக்கள் தேர்வதற்கு வாஷிங்டன் கட்டுப்படும் என்ற மசோதா, பிரதிநிதிகள் சபையில் 233-க்கு 191 என்று நிறைவேறியது. செனட் அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. இரண்டு புதிய செனட்டர்கள் ஜனநாயகக் கட்சிக்கே போவார்கள் என்று குடியரசுக் கட்சியில் பலருக்குக் கணக்கு. ஆனால் மாநில அந்தஸ்து கேட்டு 2024-இல் ஆளுநராக ஜெயித்த ஜெனிஃபர் கொன்சாலஸ் குடியரசுக் கட்சிக்காரர். அவர் முதலில் சம்மதிக்க வைக்க வேண்டியது சொந்தக் கட்சியின் செனட்டர்களைத்தான்.