ஒன்றாம் தேதிச் சிட்டை

பிள்ளையார் சுழிக்கு அடுத்த வரியில் ‘மஞ்சள் – 100 கிராம்’ என்று இருக்கும். வீட்டில் மஞ்சள் தீராவிட்டாலும் மளிகைச் சிட்டையின் முதல் வரி அதற்குத்தான். பிறகு உப்பு, புளி, மிளகாய் வற்றல், மல்லி, பருப்பு வகைகள் என்று இறங்கி சலவை சோப்பு, தீப்பெட்டியில் வந்து முடியும். 1980-களின் மாதச் சம்பளக்காரர் வீடுகளில் இந்த வேலை ஒன்றாம் தேதிக்கு முந்தின இரவே தொடங்கிவிடும். வீட்டம்மா அடுப்படியில் டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்துச் சொல்ல, கையெழுத்து நன்றாக இருக்கும் பிள்ளை எழுதும். கடலைப்பருப்பு கால் டப்பா மிச்சம் இருந்தால் இந்த மாதச் சிட்டையில் அந்த அளவு குறையும். இருப்பைப் பார்க்காமல் எழுதுகிற பேச்சே இல்லை.

கடையில் அண்ணாச்சி அதை வாங்கி ஒவ்வொரு வரிக்கும் எதிரே விலை போட்டுக் கூட்டிச் சொல்வார். தொகை எகிறினால், தராசில் எதையும் வைக்கும் முன்பே வெட்டு விழும். முந்திரி போகும். குளியல் சோப்பு நான்கு மூன்றாகும். ‘மாத பட்ஜெட்’ என்று இன்று பெரிதாகப் பேசுகிற காரியம் அன்று கல்லாவுக்கு முன்னால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு கடைப் பையன்கள் நிறுத்து, செய்தித்தாளில் பொட்டலம் மடித்து, உத்தரத்தில் தொங்கும் நூல்கண்டைச் சர்ரென்று இழுத்துக் கட்டி அட்டைப் பெட்டியில் அடுக்குவார்கள். அதற்கப்புறம் விருந்தாளி வந்தால் ஒழிய அந்த மாதம் மளிகைக்கென்று கடைப் படி ஏறுவது அபூர்வம்.

கையில் காசில்லாத வீடுகளுக்குப் பற்று நோட்டு இருந்தது. நீளவாக்கில் மடித்த அந்த நோட்டைக் கடன் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும். “துவரம்பருப்பு ஏறிக் கிடக்கும்மா. இந்த மாசம் ரெண்டு கிலோ போதும், கொஞ்சம் பாசிப்பருப்பு சேத்துக்கிடுங்க” என்று அண்ணாச்சியே சொல்வார். அதில் அக்கறையும் உண்டு, கணக்கும் உண்டு. வரும்படிக்கு மீறி வாங்குகிற குடும்பம் அவருக்கு நிலுவையாகத்தான் வந்து நிற்கும். அதனால் கடன் கொடுத்தவரே கையைப் பிடித்து நிறுத்தினார். இன்று சாமான் விற்பவர் ஒருவர், கடன் கொடுப்பது எங்கோ இருக்கும் ஒரு கிரெடிட் கார்டு கம்பெனி. விற்பவருக்குப் பணம் கைக்கு வந்துவிடுகிறது. நாம் எவ்வளவு வாங்கினால் அவருக்கென்ன?

மாதச் சாமானுக்கு மேலே வருஷச் சாமான் என்று ஒன்று இருந்தது. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். மிளகாய், துவரை எல்லாம் வரத்துக் காலத்தில் மலிந்திருக்கும். அப்போது வாங்கி, புளியைக் கொட்டை எடுத்து உப்புச் சேர்த்தும், மற்றதைக் காயவைத்தும் பானையிலும் ஜாடியிலும் அடைத்துவிடுவார்கள். பேப்பரில் வரும் விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தை வியாபாரி மட்டுமல்ல, இந்த வீடுகளும் படித்தன. ஐப்பசி, கார்த்திகையில் விலை ஏறினாலும் அடுப்படிக்கு அது எட்டாது. இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீட்டில் ஜாடி வைக்க இடமுமில்லை, மிளகாய் காயப்போட மொட்டைமாடி அனுமதியுமில்லை. 2015-ல் துவரம்பருப்பு கிலோ இருநூறு ரூபாயைத் தொட்டபோதும், 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டி ஓடியபோதும் அந்த விலை அதே வாரத்தில் சமையலறைக்குள் வந்துவிட்டது. தக்காளியைச் சேமித்து வைக்க அன்றும் முடியாதுதான். ஆனால் புளி ஒரு பானை இருந்த வீட்டுக்குத் தக்காளி இல்லாதது ஒரு பெரிய குறையாகத் தெரிந்திருக்காது.

இதையெல்லாம் சொல்வதால் அது பொற்காலம் என்று யாரும் எண்ண வேண்டாம். பற்றுக் கடையில் விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். பாக்கி வைத்திருப்பவர் பேரம் பேச முடியாது, வேறு கடைக்கும் போக முடியாது. பருப்பில் கல், மிளகில் பப்பாளி விதை, எடையில் குறை எல்லாம் உண்டு. இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் பல வீடுகளில் ரசமும் துவையலும்தான். அப்போதும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போட்டது போகச் சட்டியில் ஒட்டியிருந்ததைத் தின்றவர் யார் என்பது நமக்குத் தெரியும். பட்ஜெட் தாண்டாமல் இருந்ததன் விலையை ஒருவரே கொடுத்தார்.

அந்த இருபத்தைந்தாம் தேதிப் பயத்தை உடைத்ததில் ரேஷன் கடைக்குப் பெரிய பங்கு. தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. வெளிக்கடை விலை இதைப்போலப் பல மடங்கு. அரிசி மூட்டைக்கு முதலில் பணம் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் மாதத்தை ஓட்டிய குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, அந்த அரிசியைக் கேலி பேசுகிறவர்கள் அறிய மாட்டார்கள்.

அரிசிச் செலவு குறைந்தது சரி, அந்தப் பணம் எங்கே போனது? அகில இந்திய அளவில் தேசிய மாதிரி ஆய்வு ஒரு விடை சொல்கிறது. 1999-2000-ல் நகரக் குடும்பம் செலவழித்த 100 ரூபாயில் 48 சாப்பாட்டுக்குப் போனது; 2022-23-ல் 39. தானியங்களின் பங்கு 12 ரூபாயிலிருந்து 4-க்கும் கீழே இறங்கியது. பானங்கள், பதப்படுத்திய பண்டங்கள் 6 ரூபாயிலிருந்து 10-ஐத் தாண்டிவிட்டன. சிட்டையில் வெட்டு விழுந்த இடம் எதுவோ, அதுவே இன்று வளர்ந்திருக்கிறது.

வளர்ந்ததற்கு ஆசை ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். வாங்கும் வேளைகள் பெருகிவிட்டன என்பதுதான் என் கட்சி. மாதத்தில் ஒரு தடவை வாங்கியவர் ஒரு தடவைதான் சபலப்பட்டார். இன்று கால் லிட்டர் தயிருக்குச் செல்போனைத் திறந்தால், பத்து நிமிடத்தில் கொண்டு வருகிறோம், இன்னும் எண்பது ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம் என்கிறது. சிப்ஸும் ஐஸ்கிரீமும் ஏறுகின்றன. தொகை சிறியது, யூபிஐயில் போனது கண்ணுக்கும் தெரிவதில்லை. இப்படி வாரத்தில் நாலைந்து வேளை. மாதக் கடைசியில் பேங்க் ஸ்டேட்மெண்டைப் பார்த்தால் பெரிய செலவு என்று விரல் வைக்க ஒரு வரி கிடைக்காது.

இன்னொரு கண்கட்டு பாக்கெட்டில் நடக்கிறது. பிஸ்கட், டீத்தூள், எண்ணெய், சோப்பு போன்றவற்றை இன்னின்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்று சட்ட அளவையியல் விதி இருந்தது. 2021-ல் அறிவித்த திருத்தத்தில் அது நீங்கியது. பதிலுக்கு ஒரு கிராம், ஒரு மில்லி என்ன விலை என்று அச்சிட வேண்டும். ஐந்து ரூபாய் பிஸ்கட் ஐந்து ரூபாயாகவே இருக்க, உள்ளே எண்ணிக்கை குறைகிறது; எண்ணெய் கவர் லிட்டருக்குச் சற்றுக் குறைந்த அளவில் வருகிறது. அந்த அலகு விலை எழுத்து எறும்பளவுதான், ஆனாலும் பாக்கெட்டில் படிக்க வேண்டிய இடம் அதுவே. நம் அரிசி வியாபாரிகளும் சளைத்தவர்களல்ல: 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான அரிசிப் பைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது, உடனே கடைகளில் 26 கிலோ மூட்டை வந்துவிட்டது.

இன்றும் கணக்குக்குள் நிற்கிற குடும்பங்கள் உண்டு. அவர்கள் செய்வதைக் கவனித்தால் பெரும்பாலும் பழைய சிட்டையை வேறு வடிவில் திரும்பக் கொண்டுவந்திருப்பார்கள். மளிகைப் பணத்தை ஒன்றாம் தேதியே தனிக் கணக்குக்கு மாற்றி, அந்தக் கணக்கை மட்டும் யூபிஐயில் இணைப்பது. அலமாரியைப் பார்த்து எழுதிய பட்டியலைத் தெருமுனைக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, பில் தொகை வந்த பிறகு இரண்டு சாமானை நீக்கச் சொல்வது. பத்து நிமிட ஆப்பைப் போனிலிருந்தே எடுத்துவிடுவது. அரசின் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் 2023 செப்டம்பரிலிருந்து வருகிற வீடுகளில், அந்தப் பணத்தை மளிகைக்கென்றே தொடாமல் வைத்திருக்கும் பெண்களும் உண்டு. பால் விஷயத்தில் ஆவின் மாத அட்டை இன்னும் நடக்கிறது. 16-ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 15 வரை, முன்பணம் கட்டினால் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு, நாளுக்கு இத்தனை பாக்கெட் என்பதும் முன்கூட்டியே முடிவு.