நிகழாத விபத்து: சாலை, உடல், அதிகாரம் பற்றிச் சில குறிப்புகள்

1

விபத்தைப் பற்றிப் பேச நம்மிடம் நிறைய எழுத்துகள் இருக்கின்றன. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவு, செய்தித்தாளின் நான்கு வரி, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என்று ஒவ்வொன்றும் நடந்ததைத் தன்னுடைய மொழியில் எழுதி வைத்துக்கொள்கிறது. நடக்காமல் போன விபத்துக்கு இப்படி எந்த எழுத்தும் கிடையாது. அசுர வேகத்தில் வந்த பேருந்து சட்டையை உரசிக்கொண்டு போகிறது. ஆள் பிழைத்துவிட்டார். அத்தோடு சரி. ‘ஜஸ்ட் மிஸ்ஸு’ என்கிறோம். ‘ஆயுசு கெட்டி’ என்கிறோம். ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு’ என்கிறோம். தலைப்பாகை போனதோடு விஷயம் முடிந்தது என்று பொருள். ‘மயிரிழையில் உயிர் தப்பினார்’ என்று பத்திரிகை எழுதும்தான். ஆனால் தப்பியவர் அமைச்சராகவோ நடிகராகவோ இருக்க வேண்டும். பால் வாங்கப் போன கிழவி தப்பியது செய்தி ஆகாது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் பதிவாகின. இறந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். அந்த ஆண்டு மாநிலங்களிலேயே அதிகமாக, 64,105 விபத்துகள், தமிழ்நாட்டில் பதிவாகின. உயிரிழப்பு, பெருங்காயம், சிறுகாயம், காயமில்லாத மோதல் என்று அந்த அறிக்கை விபத்துகளை வகை பிரிக்கிறது. மோதாமல் போனதற்கு அதில் இடமில்லை. இருக்கவும் முடியாது என்று தோன்றலாம். நடக்காததை எப்படி எண்ணுவது?

இந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு தந்திரம் இருக்கிறது. நடக்காதது மோதல் மட்டும்தான். மற்றதெல்லாம் நடந்திருக்கிறது. ஒருவர் இன்னொருவரின் உயிரைப் பணயம் வைத்திருக்கிறார். அந்த இன்னொருவர் சாவைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். இதை ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று இருவரையும் சொல்ல வைப்பது எது? சாலையில் யாருக்கு என்ன இடம் என்பதை அன்றாடம் நமக்குக் கற்றுக்கொடுப்பது விபத்தைவிட இந்த நிகழாத விபத்துதான் என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது.

2

தப்பித்தவர் முதலில் எதிர்கொள்வது வசவை. ‘வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?’ என்பது நம் சாலைகளின் நிலைபெற்ற வாசகம். சென்னையில் ‘சாவுகிராக்கி’ என்ற ஒரே சொல் போதும். வேறு ஊர்களில் ‘கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?’ என்பார்கள். கேட்பவர் யார் என்று பார்க்க வேண்டும். கொல்லப் பார்த்தவர் கேட்கிறார். சாகப் பார்த்தவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் சொல்லிவிட்டு வருவது என்றால் சாவதற்கென்றே விடைபெற்று வருவது. கிராக்கி என்றால் வாடிக்கைக்காரர். ஆக, சாவை வாங்க வந்தவர் நடந்து வந்தவர்தான். வண்டி ஓட்டியவர் நடுவில் அகப்பட்டுக்கொண்ட அப்பாவி. அரை நிமிஷத்தில் குற்றம் கைமாறிவிடுகிறது.

செய்தி மொழியும் இதற்கு ஒத்துழைக்கிறது. ‘லாரி மோதி முதியவர் பலி’ என்ற தலைப்பில் ஓட்டுநர் கிடையாது. மோதுவது லாரி. வாய்ப்பேச்சிலும் ‘வண்டி வந்து அடிச்சிருச்சு’ என்போம். யானைக்கு மதம் பிடித்த மாதிரி வண்டிக்கு என்னவோ ஆகிவிட்டது போலிருக்கிறது. எழுவாயின் இடத்தில் இரும்பை உட்கார வைத்துவிட்டால் மனிதச் செயல் இயற்கைச் சீற்றமாகிவிடுகிறது. மழைக்கு ஒதுங்குவதுபோல வண்டிக்கு ஒதுங்க வேண்டியதுதான்.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் இதே பாடம்: ‘பாத்துப் போகக்கூடாதா?’ பிரியத்தில் வரும் கேள்விதான். ஆனால் அது வசவின் தர்க்கத்தையே திரும்பச் சொல்கிறது. தப்பித்தவர் ஒரு பெண், அதுவும் ஸ்கூட்டியில் போனவர் என்றால், ‘உனக்கு எதுக்கு வண்டி?’ என்று முடியும். சாலையிலிருந்து ஒரு ஆள் குறைந்துவிடுகிறார். காயமில்லை, வழக்கில்லை, ஆனால் ஒருவருடைய நடமாட்டம் சுருங்கிவிட்டது.

ஒரே கணம் இருவருக்கு இரண்டு விதமாகப் படிகிறது. தப்பித்தவர் ‘இனிமே ஓரமாப் போகணும்’ என்று படிக்கிறார். ஓட்டியவர் ‘இந்த வேகத்துலயும் சமாளிக்கலாம்’ என்று படிக்கிறார். மோதியிருந்தால் ஓட்டுநருக்குச் சிறை, கூட்டத்தின் அடி, உரிமம் பறிபோவது என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்திருக்கும். மோதாததால் அவருடைய வேகத்துக்குக் கிடைப்பது தேர்ச்சிச் சான்றிதழ். விபத்து என்றைக்கோ ஒருநாள் வருவது; நிகழாத விபத்து தினசரி நடப்பது. பலமற்றவரை ஒதுங்கப் பழக்குவதும் பலமுள்ளவரைத் துணியப் பழக்குவதும் இதுதான். அதிகாரம் எப்போதும் அடித்துக் காட்ட வேண்டியதில்லை, ஓங்கிக் காட்டினாலே போதும் என்பது இங்கே நன்றாகத் தெரிகிறது.

ஆனால் ஓட்டுநரை மட்டும் வில்லனாக்கிவிட்டு நகர்ந்துவிடவும் முடியாது. ஒரு தனியார் டவுன் பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். முன்னால் போகிற வண்டிக்கும் பின்னால் வருகிற வண்டிக்கும் இடையில் அதற்குச் சில நிமிஷங்கள்தான் சொந்தம். அதற்குள் நிறுத்தத்தில் நிற்பவர்களை அள்ளிக்கொள்ள வேண்டும். பிந்தினால் பின்வண்டி அள்ளிக்கொள்ளும். ‘டைமிங்’ தகராறில் நடத்துநர்கள் பேருந்து நிலையத்தில் சட்டையைப் பிடித்துக்கொள்வதை எந்த ஊரிலும் பார்க்கலாம். வசூலுக்கு ஏற்ற பேட்டா என்றால் ஓட்டுநரின் சோறும் அந்த நிமிஷங்களில்தான் இருக்கிறது. முதலாளியின் லாபக் கணக்கு ஓட்டுநரின் கால் வழியாக இறங்கி, நடந்து போகிறவரின் உடம்பில் நடுக்கமாக முடிகிறது. இந்தச் சங்கிலியில் முதல் கண்ணி கண்ணுக்குப் படாது. கடைசி இரண்டு கண்ணிகளும் நடுரோட்டில் ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும். நள்ளிரவில் காரை விரட்டும் பணக்கார வீட்டுப் பையனுக்கு இந்த நிர்ப்பந்தமும் கிடையாது. ஆனாலும் டவுன் பஸ் எழுதி வைத்த அதே இலக்கணத்தில்தான் அவனும் ஏசுகிறான்.

3

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். நடப்பவர் நொடிக்குச் சுமார் 1.2 மீட்டர். ஒரு அடி தூரம் நகர அவருக்குக் கால் நொடி ஆகிறது. இருப்புக்கும் இன்மைக்கும் நடுவில் இருந்தது அந்தக் கால் நொடி. அந்த நேரத்தில் பயப்படக்கூட அவகாசமில்லை. உடம்பு தானாகத் துள்ளிவிடுகிறது. கை கால் உதறுவதும் நாக்கு வறள்வதும் பிறகுதான். ராத்திரி படுத்தால் ஹாரன் சத்தம் திரும்ப வருகிறது.

ஃப்ராய்ட் 1920இல் வெளியிட்ட ‘இன்பக் கோட்பாட்டுக்கு அப்பால்’ நூலில் ரயில் விபத்துகளையும் போரையும் முன்வைத்து இதைப் பேசுகிறார். பதற்றம், அச்சம், திடுக்கீடு மூன்றையும் அவர் பிரித்துக் காட்டுகிறார். பதற்றத்தில் ஒருவித ஆயத்தம் இருக்கிறது. அச்சத்துக்குத் தெரிந்த பொருள் ஒன்று இருக்கிறது. திடுக்கீட்டில் ஆயத்தமே இல்லை. அபாயம் வந்து விழுந்துவிடுகிறது. பின்னர் மனம் அந்தக் காட்சியையே கனவில் திரும்பத் திரும்ப ஓட்டுவதற்கு இதுதான் காரணம் என்கிறார். உடம்பில் காயம் பட்டவருக்கு இந்த மனநோய் வருவது பொதுவாகக் குறைவு என்பது அவருடைய கவனிப்புகளில் ஒன்று. காயம் படாதவர்தான் அதிகம் அவதிப்படுகிறார். ‘ஒண்ணும் ஆகலியே, பிறகென்ன?’ என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

சார்லஸ் டிக்கன்ஸ் 1865 ஜூன் 9 அன்று இங்கிலாந்தில் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்னும் இடத்தில் நடந்த ரயில் விபத்தில் சிக்கினார். பத்துப் பேர் இறந்தார்கள். அவர் இருந்த பெட்டி பாலத்தில் தொங்கிக்கொண்டு நின்றுவிட்டது. அவர் உடம்பில் கீறல் இல்லை. இறங்கிப்போய் அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். ஆனால் அதற்குப் பிறகு ரயிலில் ஏறினால் அவருக்கு நடுக்கம் வரும். சரியாக ஐந்து வருஷம் கழித்து, 1870இல், அதே ஜூன் 9 அன்று இறந்துபோனார். தேதிப் பொருத்தத்தைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. அந்த நடுக்கம்தான் நமக்கு வேண்டியது.

நம்முடைய வழக்கத்தில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்திருக்கிறது. குழந்தை எதையாவது பார்த்து மிரண்டுவிட்டால் ‘பயந்த கோளாறு’ என்பார்கள். வேப்பிலை அடித்து மந்திரிப்பார்கள், தர்காவில் ஓதிய தண்ணீர் வாங்கித் தெளிப்பார்கள், உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவார்கள். மூடநம்பிக்கை என்று இதைத் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் காயமே இல்லாத ஒன்றையும் கோளாறு என்று ஒப்புக்கொண்டு, நாலு பேர் கூடி உட்கார்ந்து அதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். பெரியவர்களின் பயந்த கோளாறுக்கு இன்றைக்கு யாரும் வேப்பிலை எடுப்பதில்லை. ‘ஒரு டீ குடிங்க, சரியாப்போயிரும்’ என்பதோடு முடிந்துவிடுகிறது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், அரசன் என்ற நான்கைக் காட்டுகிறது. நாலும் இன்றைய சாலையில் ஒன்றாகவே வருகின்றன. கண்ணாடியில் சாமி பெயர், மாலை, எலுமிச்சை, பாய்கிற வேகம், வழியைப் பறித்துக்கொள்ளும் துணிவு, ‘ஒதுங்கு’ என்று ஆணையிடும் ஏர் ஹாரன். புது வண்டியைச் சென்னையில் பல்லவன் சாலையிலுள்ள பாடிகாட் முனீஸ்வரர் கோயிலுக்கு ஓட்டிப்போய்ப் பூஜை போடுகிறார்கள், சக்கரத்தடியில் எலுமிச்சை நசுக்குகிறார்கள். முனி காவல் இருப்பது வண்டிக்கும் அதில் ஏறுபவருக்கும். வண்டிக்கு முன்னால் அகப்படுபவருக்குக் காவல் யார் என்பது அந்தச் சடங்கில் வரவில்லை.

4

நடக்காததை எண்ண முடியாது என்ற வாதத்துக்குத் திரும்புவோம். விமானத் துறை அதை எண்ணிக் காட்டியிருக்கிறது. 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனை நோக்கி வந்த டி.டபிள்யூ.ஏ. 514 விமானம், எவ்வளவு உயரத்துக்கு இறங்கலாம் என்பதில் ஏற்பட்ட குழப்பத்தால் ஒரு மலைமீது மோதியது. 92 பேரும் இறந்தார்கள். விசாரணையில் ஒரு விஷயம் தெரிய வந்தது. ஆறு வாரத்துக்கு முன்னால் வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே குழப்பத்தில், அதே மலையை மயிரிழையில் தவறவிட்டிருக்கிறது. அந்த நிறுவனம் தன் விமானிகளை மட்டும் எச்சரித்துவிட்டு இருந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சொல்ல வழியே அப்போது இல்லை. தப்பித்தவர்களின் கதை ஊர் முழுக்கப் பரவியிருந்தால் அந்த 92 பேர் பிழைத்திருக்கக்கூடும்.

அதன் விளைவாக 1976இல் ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது. விமானி, கட்டுப்பாட்டு அறை ஊழியர், யாராயினும் தப்பித்த சம்பவத்தை எழுதி அனுப்பலாம். தண்டிக்கும் அதிகாரம் உள்ள துறையிடம் யாரும் மனம்விட்டுச் சொல்லமாட்டார்கள் என்பதால் அதை நடத்தும் பொறுப்பு நாசாவுக்குத் தரப்பட்டது. எழுதியவர் பெயர் நீக்கப்படும். ‘ஜஸ்ட் மிஸ்ஸு’ அங்கே அறிவாக மாறிவிட்டது.

சாலைக்கும் இப்படிச் செய்யலாம் என்று 1960களின் இறுதியிலேயே காட்டிவிட்டார்கள். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் சந்திப்புகளில் ஆட்களை நிறுத்தி, வண்டிகள் திடீரென்று பிரேக் போடுவதையும் ஒடிப்பதையும் எண்ண வைத்தார்கள். பிறகு ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் இந்த முறையைச் செம்மைப்படுத்தியது. ஒருவர் சுதாரித்த நொடியில் மோதலுக்கு எத்தனை நொடி மிச்சமிருந்தது, அப்போது வேகம் என்ன என்று குறிப்பார்கள். யாராவது செத்த பிறகுதான் வேகத்தடை போட வேண்டும் என்பதில்லை.

5

சட்டமும் ரத்தத்தைக் கேட்பதில்லை என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். 1860இல் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 279ஆம் பிரிவு, மனித உயிருக்கு ஆபத்து ஏற்படும் விதத்தில் பொதுவழியில் வண்டி ஓட்டுவதையே குற்றம் என்றது. மோதியிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதாவது நிகழாத விபத்துக்குச் சட்டப் புத்தகத்தில் 160 வருஷத்துக்கு மேலாகப் பெயர் இருக்கிறது. நடைமுறையில் அந்தப் பிரிவு பெரும்பாலும் மோதல் நடந்த பிறகு மற்றப் பிரிவுகளோடு சேர்த்துப் போடப்படுகிறது. காவல் நிலையத்துக்குப் போய் ‘என்னைக் கொல்லப் பார்த்தான்’ என்றால், ‘அதான் நல்லா இருக்கீங்களே?’ என்ற பதில்தான் வரும். நல்லா இருப்பதே சாட்சியத்தைச் செல்லாததாக்கிவிடுகிறது.

எல்லோரையும் ஜெயிலில் போட வேண்டும் என்பதல்ல இங்கே கோரிக்கை. பேட்டாவுக்காக ஓடுகிறவரை உள்ளே தள்ளினால் நாளைக்கு இன்னொருவர் அதே நிமிஷக் கணக்கோடு வந்து உட்காருவார். தப்பித்தவரின் பேச்சுக்கு ஒரு மதிப்பு வேண்டும் என்பதுதான் விஷயம். அந்தப் பேச்சு ஏற்கெனவே சிதறிக் கிடக்கிறது. எந்த ஊர் வளைவிலும் டீக்கடைக்காரரைக் கேட்டால், ‘இங்க வாரத்துக்கு ஒருத்தன் தப்பிப்பான் சார், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல பள்ளிக்கூடப் பிள்ளைங்கதான் ஜாஸ்தி’ என்பார். நேரம், இடம், யார், எந்த வண்டி எல்லாம் அதில் இருக்கிறது. லுண்டில் ஆட்களை நிறுத்தித் திரட்டிய தகவல் இங்கே கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கிறது. அதைக் கேட்டு எழுதுகிற கை மட்டும்தான் இல்லை.

‘ஒண்ணும் ஆகல’ என்று சொல்லி எழுந்து போகும்போது நாம் அந்த ஓட்டுநரையும் அவர் பின்னால் இருக்கும் நிமிஷக் கணக்கையும் சேர்த்து மன்னித்துவிடுகிறோம். மன்னிக்கும் உரிமை நமக்கு மட்டும் இருக்கிறதா என்பது தெளிவில்லை. அதே வளைவில் அதே வண்டி நாளைக்கும் வரும். அடுத்து அங்கே நிற்கப்போகிறவருக்கு நேற்று நடந்ததை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஊராட்சிக் கூட்டத்திலோ பள்ளிக்கூட வாசலிலோ பஸ் முதலாளியின் வீட்டு முன்னாலோ எழுந்து நின்று, இந்தத் தேதியில் இந்த இடத்தில் இன்ன வண்டி இன்னாரைக் கொல்லாமல் விட்டுப்போனது என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்வது சின்னக் காரியம்தான். அங்கே பிழைத்தவரைத் தவிர அதைச் சொல்ல வேறு ஆள் கிடையாது.